ராஜேந்திர சோழனுக்கு ஒரு முன்பதிவு

எங்க மாமா 1979-ல் துபாய்க்குப் போனவர். கொத்தனார் வேலை. சிலமலையிலிருந்து போடிக்கு பஸ், போடியிலிருந்து மதுரைக்கு அந்தக் காலத்து மீட்டர் கேஜ் ரயில், மதுரையிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய். பம்பாயில் இரண்டு வாரக் காத்திருப்புக்குப் பிறகு விமானம். இந்தப் பயணத்தை அவர் சொல்லாத வருஷம் இல்லை. ஒவ்வொரு முறையும் கதை ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "நான் ராஜேந்திர சோழன்ல போனேன் மாப்ள. மூக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சிரிப்போம். வடக்கத்தி ஆட்கள் நடத்துகிற கம்பெனி, பிளேனுக்குச் சோழன் பேரையா வைப்பான் என்று பெரியவர்களே கிண்டல் பண்ணுவார்கள். பிறகு எனக்கு மாதிரி விமானங்கள் சேர்க்கும் பழக்கம் வந்தது. டைகாஸ்ட் விமானங்கள், அதாவது உலோகத்தில் வார்த்த சிறு விமானங்கள். மாதாமாதம் வரும் புது வெளியீட்டுப் பட்டியல்களைப் பார்ப்பது, முன்பதிவு செய்வது, காத்திருப்பது. அந்தப் பட்டியல்களைப் படிக்கக் கற்றுக்கொண்டபோதுதான் மாமா சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்: எந்த விமானம் பொம்மையாகிறது, எது ஆவதில்லை, அதை யார் முடிவு செய்கிறார்கள்.

பேரரசர்களின் வரிசை

ஏர் இந்தியா தன் விமானங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு முறை வைத்திருந்தது. 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் போன முதல் சர்வதேச விமானம் 'மலபார் பிரின்சஸ்'. லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் வகை. அந்த வரிசை முழுக்க இளவரசிகள். அடுத்து வந்த சூப்பர் கான்ஸ்டெலேஷன்கள் ராணிகள். 1960-ல் போயிங் 707 வந்தபோது இமயமலைச் சிகரங்களின் பெயர்கள்: நந்தாதேவி, அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா என்று.

1971-ல் ஜம்போ வந்தது, போயிங் 747. இதற்குப் பேரரசர்கள். முதல் விமானம் 'எம்பரர் அசோகா'. அடுத்தடுத்து ஷாஜஹான், விக்கிரமாதித்யா, அக்பர், சந்திரகுப்தா, கனிஷ்கா, கிருஷ்ணதேவராயா, சமுத்திரகுப்தா, ஹர்ஷவர்தனா. இந்த வரிசைக்குள்தான் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள். விடி-இபிஎன் என்ற பதிவெண் கொண்ட விமானம் 'எம்பரர் ராஜேந்திர சோழா'. 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. விடி-இஜிபி 'எம்பரர் மகேந்திர வர்மன்'. 1980களின் பிற்பகுதியில் வந்த 747-300 வகையில் இரண்டே விமானங்கள். ஒன்று சிவாஜி, இன்னொன்று 'நரசிம்ம வர்மன்'. 1993 முதல் வந்த 747-400 வகைக்கு அரசர்களை விட்டுவிட்டு ஊர்களின் பெயர்களை எடுத்தார்கள்: கோனார்க், கஜுராஹோ, அஜந்தா, ஆக்ரா. அதில் விடி-இஎஸ்என் 'டாஞ்சூர்', நம்ம தஞ்சாவூர்.

கடல் கடந்து கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திரன், மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்மன், வாதாபியை வென்ற நரசிம்மவர்மன். மூன்று பேரும் சில பத்தாண்டுகள் பம்பாய்க்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வளைகுடாவுக்குமாகப் பறந்திருக்கிறார்கள். இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கும் ஒரு பொம்மைப் பட்டியல் வழியாகத்தான் தெரிந்தது.

பட்டியலை எப்படிப் படிப்பது

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதுதான் டைகாஸ்ட். செலவு அதிகம் பிடிப்பது அந்த எஃகு அச்சுதான். ஒரு 747-200 அச்சு செய்துவிட்டால், அதே உடலில் எத்தனை விமான நிறுவனங்களின் வண்ணத்தையும் பூசிக்கொள்ளலாம். பான் ஆம், லுஃப்தான்ஸா, ஏர் இந்தியா எல்லாம் உள்ளே ஒரே வார்ப்பு. மேலே இருக்கும் பெயின்ட்டும் அச்சிட்ட எழுத்தும்தான் வித்தியாசம். அந்த எழுத்துகளை ரப்பர் முத்திரை மாதிரியான மென்மையான திண்டால் எடுத்து வளைந்த உலோகத்தின் மேல் ஒற்றுவார்கள்.

அதனால் வெளியீட்டுப் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்: விமான நிறுவனம், விமான வகை, அளவு, பதிவெண், குறிப்பு. இதில் நிறைய பேர் நிறுவனத்தைப் பார்ப்பார்கள். பழைய சேகரிப்பாளர்கள் பதிவெண்ணைப் பார்ப்பார்கள். ஏர் இந்தியா 747-200 என்று மட்டும் போட்டால் அது யாராகவும் இருக்கலாம். விடி-இபிடி என்றால்தான் அசோகர். விடி-இபிஎன் என்றால்தான் ராஜேந்திர சோழன்.

அளவு விஷயத்துக்கு வருவோம். 747-200-இன் நீளம் ஏறத்தாழ 70.6 மீட்டர். இன்று அதிகம் விற்கும் 1:400 அளவில் அது 17.7 சென்டிமீட்டர் ஆகிவிடும், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். 1:200 என்றால் 35 சென்டிமீட்டர், அதற்குத் தனி அலமாரி வேண்டும். ஜெர்மன் நிறுவனமான ஹெர்பா பிரபலமாக்கிய 1:500 அளவில் 14 சென்டிமீட்டர்தான். இப்போது மூக்கருகே இருக்கும் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான விமானத்தில் எழுத்து ஒரு சாண் உயரம் என்று வைத்துக்கொண்டால், 1:400-ல் அரை மில்லிமீட்டர் சொச்சம். ஏலக்காய்க்குள் இருக்கும் ஒரு விதையின் மேல் நாலைந்து எழுத்து எழுதிவிடலாம். அந்த அரை மில்லிமீட்டரில்தான் அசோகரும் ராஜேந்திரனும் வேறு வேறு ஆட்களாகிறார்கள்.

ஏர் இந்தியா ஜம்போவில் இன்னொரு சிரமமும் உண்டு. 'வானத்தில் உங்கள் அரண்மனை' என்று விளம்பரம் செய்த விமானம் அது. ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் ஜரோக்கா மாடம் போலச் சிவப்பு வளைவு வரைந்திருப்பார்கள். அந்த வளைவுகள் ஜன்னலோடு சரியாகப் பொருந்தாமல் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் மாதிரி முழுக்கக் கெட்டுவிடும். சேகரிப்பாளர்கள் படம் வெளியானவுடன் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது அதைத்தான்.

1934: ஆரம்பத்திலேயே இந்தியா இருந்தது

டைகாஸ்ட் விமானங்களின் வரலாற்றைப் பேசும்போது லிவர்பூலில் தொடங்க வேண்டும். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1934-ல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் விமான வரிசை ஒன்றை வெளியிட்டது. 60 என்ற எண் கொண்ட தொகுப்பு. அதில் ஆறு விமானங்கள். அவற்றில் இரண்டு இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புடையவை.

ஒன்று 'இம்பீரியல் ஏர்வேஸ் லைனர்'. நிஜத்தில் அது ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் அட்டலாண்டா வகை. மொத்தமே எட்டு விமானங்கள்தான் கட்டினார்கள். கராச்சியிலிருந்து கல்கத்தா வழியாகச் சிங்கப்பூர் போகும் பாதையில் இந்த வகைதான் பறந்தது. அதற்காகவே 1933-ல் 'இந்தியன் டிரான்ஸ்-கான்டினென்டல் ஏர்வேஸ்' என்று ஒரு நிறுவனம் உருவானது. லிவர்பூல் பையன் ஒருவன் கம்பளத்தின் மேல் உருட்டி விளையாடிய விமானத்தின் அசல், கங்கைச் சமவெளிக்கு மேல் தபால் சுமந்துகொண்டிருந்தது.

இன்னொன்று டி ஹாவிலாண்ட் லெப்பர்ட் மாத். இதன் முன்னோடி புஸ் மாத். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவுக்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை கொண்டுபோனார். டாடாவின் அந்த முதல் தபால் பாதை மெட்ராஸில்தான் முடிந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1982-ல், 78 வயதில், ஜே.ஆர்.டி. அதே கராச்சி–பம்பாய் பயணத்தைத் திரும்பச் செய்தபோது ஓட்டியது லெப்பர்ட் மாத். 1934-ல் பொம்மையான அதே வகை.

புஸ் மாத் சின்ன விமானம், நீளம் ஏழரை மீட்டர் சொச்சம். 1:400-ல் அது இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதனால் ஜம்போ அலமாரியில் அதற்கு இடமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் 1:72 அளவில் அதை வெளியிட்டிருக்கிறது. அந்த அளவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வரும். எந்த அளவு சந்தையில் ஓடுகிறது என்பதே எந்த விமானம் நினைவில் இருக்கும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

போருக்கு முந்தைய டிங்கி விமானங்கள் இன்று கிடைப்பது அபூர்வம். காரணம் குழந்தைகள் உடைத்தது மட்டுமில்லை. துத்தநாகத்தில் ஈயம் போன்ற அசுத்தங்கள் சிறிதளவு கலந்தாலும் போதும், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடிக்கத் தொடங்கும். முதலில் மெல்லிய கோடு விழும், பிறகு இறக்கை வளையும், பிறகு கையில் எடுத்தால் பொடியாக உதிரும். சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-லேயே மிகத் தூய துத்தநாகத்தில் செய்த 'ஸமாக்' கலவையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பொம்மைத் தொழிற்சாலைத் தரையில் விழுந்த ஈயத் துணுக்கையும் சேர்த்து உருக்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மலையடிவாரத்தில், ஐப்பசி மழைக்கு வீட்டுச் சுவரே ஊறிப்போகும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சேர்க்கிற எனக்கு இது பெரிய கவலை. அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். அரிசிக்குள் வேப்பிலை போடுகிற மாதிரிதான்.

டிங்கியின் கதைக்கு ஒரு இந்தியப் பின்னிணைப்பும் உண்டு. பழசாகிப்போன சில டிங்கி அச்சுகளை மெக்கானோ கல்கத்தாவுக்கு விற்றது. அட்டாம்கோ என்ற பெயரில் இயங்கிய எஸ். குமார் அண்ட் கோ அவற்றில் வார்த்து 'நிக்கி டாய்ஸ்' என்று இந்தியச் சந்தையில் விட்டது. தேய்ந்த அச்சு, அதனால் ஓரங்கள் மழுங்கி இருக்கும். அன்றைக்கு இரண்டாந்தரம் என்று பார்க்கப்பட்டவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

காத்திருப்பின் வியாபாரம்

1980களில் ஜெர்மனியின் ஷாபாக் 1:600 அளவில் விமானங்கள் செய்தது. 1990களில் ஹெர்பாவின் 1:500 வரிசை வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் லாஸ் வேகாஸின் ஜெமினி ஜெட்ஸ் 1:400-ஐப் பரப்பியது. பிறகு ஃபீனிக்ஸ், ஜேசி விங்ஸ், என்ஜி மாடல்ஸ், இன்ஃபிளைட் 200 என்று வரிசை நீண்டது. இவற்றில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன.

இந்தக் காலத்தில்தான் முன்பதிவு என்ற பழக்கம் வியாபாரத்தின் முதுகெலும்பானது. முன்பு கடைக்குப் போய் இருப்பதை வாங்குவோம். இப்போது, செய்யப்போவதாக அறிவித்ததை வாங்குகிறோம். கணினியில் வரைந்த படத்தை வெளியிடுவார்கள். கடைகள் ஆர்டர் எடுக்கும். எவ்வளவு ஆர்டர் சேர்ந்ததோ அதையொட்டி எண்ணிக்கை முடிவாகும். பல வெளியீடுகள் சில நூறு எண்ணிக்கையோடு நின்றுவிடும். தவறவிட்டால் மறுவார்ப்பு வரும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் கையில் இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டும்.

போடிக்காரர்களுக்கு இது புதுசில்லை. நம்ம ஊரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரி காயை மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிப்பார். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தனி மவுசு. ஆனால் ஏலக்கூடத்துக்கு வருமுன்பே நிறையச் சரக்கு கைமாறியிருக்கும். தோட்டக்காரர் அவசரத்துக்கு முன்பணம் வாங்கியிருப்பார், காய் இன்னும் செடியில் இருக்கும். 2006-ல் எம்சிஎக்ஸ் சந்தையில் ஏலக்காய்க்கே முன்பேர வணிகம் வந்தது. இல்லாத சரக்குக்குப் பணம் கொடுப்பது, விலையை இன்றைக்கே கட்டிப்போடுவது, மழை பொய்த்தால் யார் தலையில் விடியும் என்று சண்டை போடுவது எல்லாம் நமக்குப் பழக்கம்தான்.

விமான நிறுவனங்களும் முன்பதிவு உலகத்தில்தான் வாழ்கின்றன. கிங்ஃபிஷர் 2005-ல் ஐந்து ஏர்பஸ் ஏ380 ஆர்டர் செய்தது. ஒன்றும் வந்து சேரவில்லை. 2012-ல் நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. டாடாவிடம் திரும்பிய ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. அவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். நாம் 17 சென்டிமீட்டரில் செய்வதை அவர்கள் 70 மீட்டரில் செய்கிறார்கள்.

என் முதல் முன்பதிவு அனுபவம் மோசமானது. வெளியூர்க் கடை ஒன்றில் முழுப் பணமும் கட்டினேன். மூன்று மாதம் என்றார்கள், பத்து மாதம் ஆனது, பிறகு போனே எடுக்கவில்லை. கடையும் மூடிப்போச்சு. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அதிலிருந்து முழுப் பணம் கேட்கிற இடத்தில் வாங்குவதில்லை.

அடுத்த இடி சுங்க வரி. சர்வதேசச் சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பு பொம்மைகளுக்கானது. குழந்தையின் கிலுகிலுப்பையும், அளவு குறைத்துச் செய்த மாதிரிகளும் அதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. இந்தியாவில் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதமாக இருந்தது. 2020 பிப்ரவரியில் அது 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். மலிவான, தரம் கெட்ட பொம்மைகள் குவிவதைத் தடுக்கவும் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவும் எடுத்த நடவடிக்கை. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சில நூறு மட்டுமே வார்க்கும் ஒரு ஏர் இந்தியா 747-ஐ இங்கே யாரும் செய்வதில்லை. ஆக, இந்திய விமானத்தின் மாதிரியை வாங்குவதில் இந்தியச் சேகரிப்பாளன்தான் அதிகச் செலவு செய்கிறான். அவன் பின்வாங்கினால் ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் அடுத்த இந்திய விமானம் பட்டியலுக்கு வராது.

ஏன் எப்போதும் அசோகர்?

இந்தச் சங்கிலியை வைத்துத்தான் என் கேள்விக்கு விடை தேட வேண்டும். ஏர் இந்தியா 747-200 என்றால் தயாரிப்பாளர் மனதில் முதலில் வருவது அசோகர்தான். முதல் ஜம்போ, அதிகம் படம் எடுக்கப்பட்டது, உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். மாதிரி செய்ய நல்ல புகைப்படங்கள் வேண்டும். இடது பக்கம், வலது பக்கம், வால், வயிறு எல்லாம். படம் அதிகம் இருக்கும் விமானம்தான் பொம்மையாகும். பொம்மையான விமானத்தைத்தான் அடுத்த தலைமுறை அடையாளம் காணும்.

அசோகருக்கு ஒரு துயரமும் உண்டு. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய அந்த விமானம் சில நிமிடங்களில் பாந்த்ரா கடலோரத்துக்கு அப்பால் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகளில் கேப்டன் பக்கத்துக் கருவி பழுதாகி, அடிவானம் தெரியாத இருட்டில் அவர் திசையை இழந்ததுதான் காரணம் என்று முடிவானது. துபாய் விமானம் என்பதால் அதில் பிழைப்புக்குப் போனவர்கள் நிறைய பேர். மாமா போனது அதற்கு அடுத்த வருஷம், அதே பாதையில், அதே வகை விமானத்தில். பாட்டி போக வேண்டாம் என்று அழுததும், வைத்த கடனுக்கு வேறு வழியில்லை என்று தாத்தா சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதற்காக அழுதாள் என்பது எனக்கு இந்தத் தேதியைப் படித்த அன்றுதான் புரிந்தது.

கனிஷ்கரின் கதை இன்னும் கொடியது. 1985 ஜூன் 23-ல் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேல் குண்டு வெடித்து 329 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட விமானங்களின் மாதிரியை அலமாரியில் வைக்கலாமா என்று சேகரிப்பாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. சிலர் வாங்கவே மாட்டார்கள். நினைவுச் சின்னமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் நான் மதிக்கிறேன்.

ராஜேந்திர சோழனுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. ஒழுங்காகப் பறந்து, வயதாகி, ஓய்வு பெற்ற விமானம். நல்லபடியாக வேலை பார்த்ததாலேயே செய்தியில் இடம் கிடைக்கவில்லை, படங்களும் குறைவு. மாமாவைப் போல லட்சம் பேரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்ட விமானங்களின் நிலைமை இதுதான்.

விதை அளவு எழுத்து

போன வருஷம் ஒரு ஏர் இந்தியா 747-200 முன்பதிவுக்கு வந்தது. அசோகர்தான். பதிவெண்ணைப் பார்த்துத் தெரிந்தேதான் ஆர்டர் செய்தேன். பாதிப் பணம் முன்பாக, மீதி சரக்கு வந்தபின். ஏழு மாதம் கழித்து வந்தது. வரியைச் சேர்த்தால் மாதிரியின் விலையில் பாதிக்கு மேல் கூடுதலாக ஆனது. வீட்டில் நான் சரியான தொகையைச் சொல்லவில்லை.

பெட்டியோடு சிலமலைக்குக் கொண்டுபோனேன். மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து கையில் வாங்கினார். முதலில் எடை பார்த்தார். "கனமா இருக்கே, இரும்பா?" துத்தநாகம் மாமா என்றேன். ஜன்னல் வளைவுகளைத் தடவினார். மேல்மாடிக் கூனலைக் காட்டி, "இங்கதான் பணக்காரங்க. நாங்கல்லாம் பின்னாடி" என்றார். பிறகு உள்ளே போய், ரேஷன் கார்டு படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். மூக்கைத் தேடினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அசோகர்ல?"

"ஆமா மாமா. சோழன் இன்னும் வரல."

"என் வண்டி இது இல்ல மாப்ள. இது கடல்ல விழுந்த வண்டி." பெட்டிக்குள் பக்குவமாக வைத்தார்.

அவர் உண்மையிலேயே ராஜேந்திர சோழனில்தான் போனாரா? டிக்கெட்டில் விமானத்தின் பெயர் இருக்காது; இருந்தாலும் அந்த டிக்கெட் எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1979-ல் ஏர் இந்தியாவிடம் இருந்த ஜம்போக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் விடி-இபிஎன் ஒன்று. வளைகுடாப் பாதைக்கு ஜம்போக்கள் போய்க்கொண்டிருந்தன. எட்டாங்கிளாஸ் படித்த, சிலமலையை விட்டு அதுவரை மதுரையைத் தாண்டாத ஒரு கொத்தனாருக்கு, அப்படி ஒரு பெயர் பிளேனில் இருக்கும் என்று வேறு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. பெயரைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் தெரிந்திருக்கும். எனக்கு இது போதும்.

2024 ஏப்ரல் 22-ல் ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போக்களில் ஒன்றான விடி-இவிஏ, 'ஆக்ரா', மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது, பிரித்தெடுக்கப்படுவதற்காக. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் இறக்கைகளை ஆட்டிவிட்டுப் போனதை நிறைய பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இனி இந்த வரிசையில் புதிதாக எதுவும் வானத்தில் வராது. 2023-ல் அறிமுகமான புது வண்ணத்தில் அந்தச் சிவப்பு மாடங்களும் பழையபடி இல்லை, ஜன்னல் சட்டத்தின் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டன. இனி அந்தப் பெயர்கள் வருமென்றால் 1:400-லும் 1:200-லும்தான் வர வேண்டும்.

அதற்கு வேண்டியது அதிகமில்லை. 747-200 அச்சு ஏற்கெனவே இருக்கிறது. ஏர் இந்தியா வண்ணத்துக்கான அச்சுத் தகடுகளும் இருக்கின்றன. மாற்ற வேண்டியது பதிவெண்ணும் மூக்கருகே ஒரு பெயரும்தான். தயாரிப்பாளர்கள் சேகரிப்பாளர்களின் கோரிக்கைகளைக் கேட்பதுண்டு. நான் மூன்று நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பரிசீலிப்பதாக இரண்டு வரி பதில் வந்தது. உங்கள் வீட்டிலும் 70களில், 80களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் இருந்தால், பழைய ஆல்பத்தில் பம்பாய் விமான நிலையத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பின்னணியில் மூக்கும் பெயரும் தெரிகிற ஒரு படம் கிடைத்தால் அது தயாரிப்பாளருக்குப் பெரிய உதவி.

கிளம்பும்போது மாமா கேட்டார்: "சோழனுக்கு முன்பணம் கட்டிட்டியா?"

இன்னும் அறிவிக்கவே இல்லை மாமா என்றேன்.

"அறிவிச்ச அன்னைக்கே கட்டிடு. ஏலக்கா மாதிரிதான், நேரத்துல கட்டாதவனுக்குப் பொறுக்குக் காய்தான் மிஞ்சும்."

இந்த மாதப் பட்டியல் நேற்று வந்தது. ஏர் இந்தியா ஏ350 ஒன்று இருக்கிறது. 747 எதுவும் இல்லை.